இரண்டு மணிக்கு வந்தவள்

ஜூலை 9, புதன்

கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

சாரல் காற்றில் காலையிலிருந்தே மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மூன்றாவது தடவை வந்தபோது விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, இது மட்டும் கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்தைக் காட்டிவிட்டு அப்படியே நின்றது. வடிவு அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். “எந்திரிக்க மாட்டேங்கு அத்தை” என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கவலையாகத்தான் இருந்தது. கவலையாக முகத்தை வைத்துக்கொள்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

ஒன்பது வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறவளைப் பற்றி இப்படி எழுதலாமா என்றால், எழுதலாம். நான் தென்காசியில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவள். மாப்பிள்ளைக்கு முப்பத்து நாலு என்றால் முப்பத்தேழு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்த வீடு என்றால் யார் பேரில் என்று கேட்க வேண்டும். குடிப்பழக்கம் கிடையாது என்று கேட்காமலே சொன்னால் குடிக்கிறான். சந்தேகப்படத் தெரியாதவள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

ஜாதகம் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. காகிதத்தில் இருந்ததையெல்லாம் கரையான் அரிக்கிறது என்று வடிவு சொல்லித்தான் எரித்தோம். இன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

கடையநல்லூரிலிருந்து மசூது வந்தார். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். நாற்பது வயதிருக்கும். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் திருப்புளி.

“டிஸ்க்கு சாகலக்கா. சிஸ்டந்தான் எந்திரிக்க மாட்டேங்கு” என்றார். ஒரு பென்டிரைவைச் சொருகினார். நான் பார்த்தேயிராத ஒரு திரை வந்தது. அதற்குள் போய் எதையோ திறந்தார். நம் ஜாதகங்கள் ஊர்வாரியாக, பேர்வாரியாக வந்து நின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. வடிவு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இது லினக்ஸ்க்கா. வேற சிஸ்டம். முன்வாசல் பூட்டிக்கிட்டுன்னா பின்வாசல் வழியாப் போயி சாமானை எடுப்போம்லா, அது மாதிரி.”

“பின்வாசல்னா திருடனும் வருவானே தம்பி.”

சிரித்தார். “ரெண்டையும் ஒரே பெட்டியில ஏத்திருதேன். டூயல் பூட்டும்பாவ. ஆன் பண்ணினா எது வேணும்னு கேக்கும். ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணுல எந்திரிச்சு வேலையப் பாத்துக்கிடலாம். எதுலயும் ஒத்தைய நம்பி இருக்கப்பிடாதுக்கா.”

உண்மைதான். ஒத்தையை நம்பி இருக்கக்கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிறுதான் எங்களுக்கு வியாபார நாள். செவ்வாய் விடுமுறை, செவ்வாய்க்கிழமையில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஞாயிறு முழுவதும் மசூது பெட்டியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். புதிதாக இன்னொரு டிஸ்க் போட்டார். பழைய விண்டோஸைச் சரிசெய்து ஒரு பக்கம் வைத்தார், லினக்ஸை மறுபக்கம் ஏற்றினார். ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். ஜாதகங்களின் நகல் மட்டும் இரண்டு பக்கமும் இருக்கும்.

நான் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, ஜாதகம் இருக்கிற பழைய பக்கத்துக்கு இன்டர்நெட் கூடாது. எவனாவது அதன் வழியாக வந்து அள்ளிக்கொண்டு போவான். இரண்டு, அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும், அது எனக்கு மட்டும் தெரிய வேண்டும். மூன்று, எந்த ஜாதகத்தை எப்போது திறந்தாலும் அது எழுதி வைக்க வேண்டும்.

“லாக்குன்னு ஒரு பதிவேடு போட்டுரலாம்க்கா. ஆனா நெட்டு இல்லாம விட்டா சில விஷயம் தானாச் சரியாகாது.”

“ஆகாட்டாப் போகுது.”

புதுப் பக்கம் வடிவுக்கு. மெயில், போட்டோ அனுப்புவது, பிரிண்ட் எடுப்பது எல்லாம் அதில். பழைய பக்கம் எனக்கு. வடிவு கேட்டாள்: “அப்ப இனிமே நான் ஜாதகம் அடிக்க வேண்டாமா அத்தை?”

“உனக்கு வேலை குறையுதுல்லா.”

அவள் துணியை எடுத்துக் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் கேட்டாள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பேச்சிமுத்து புதிதாக ஒரு மையம் வைத்திருக்கிறான். ஆனியில் மட்டும் நம் பதிவில் இருந்த இரண்டு வரன்கள் அவன் வழியாக முடிந்தன. எப்படி முடிந்தன?

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. இனி ஒரு மாதம் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

காலையில் கோயிலில் உலகம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏழரைக்கெல்லாம் மையத்தைத் திறந்துவிடுகிறேன். என் பேரும் உலகம்மாள்தான், அதனால் அவளிடம் கொஞ்சம் உரிமையாகவே பேசுவேன். பழைய பக்கத்தில் எனக்கு வேண்டியதைப் பார்த்துவிட்டு, வடிவு வருகிற நேரத்துக்கு அணைத்துப் புதுப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிடுகிறேன். ஜாதக சாஃப்ட்வேர் திரை முழுக்க அடைத்துக்கொள்ளும். பார்க்க நிறைவாக இருக்கும்.

ஜூலை 19, சனி

காலை ஏழரை மணிக்கே சுரண்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். தலை நிறையப் பிச்சிப்பூ. மகன் குற்றாலிங்கம், கால்நடை ஆய்வாளர், முப்பத்தொன்பது வயது. வயதை மறைக்கவில்லை. எட்டில் செவ்வாய், அதனால் தள்ளிக்கொண்டே போய்விட்டது என்றார். அதையும் மறைக்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“ஆடியில பேசமாட்டோம்மா. பதிஞ்சு மட்டும் வையுங்க. பொண்ணுக்கு முப்பத்தஞ்சானாலும் சரி. வேலைக்குப் போயி நாலு மனுசரப் பாத்தவளா, பொறுமையானவளா இருந்தாப் போதும்.”

அவர் போனதும் ஜாதகத்தை ஏற்றி, பொருத்தம் பார்க்கிற பொத்தானை அமுக்கினேன். இருக்கிற பெண்கள் அத்தனை பேரோடும் ஒப்பிட்டு, அதிகப் பொருத்தம் உள்ளதை மேலே காட்டும். முதலில் வந்த பேரைப் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது. செவ்வாய்க்குச் செவ்வாயும் சரியாகிவிட்டது.

மூடிவிட்டேன். கம்ப்யூட்டர் போடுகிற பொருத்தத்தையெல்லாம் அப்படியே நம்பிவிட முடியாது.

ஒன்பதரைக்கு வடிவு வந்தாள். “பிச்சிப்பூ வாசமடிக்கே அத்தை. யாரும் வந்தாவளா?”

“யாரும் வரல” என்றேன்.

ஜூலை 21, திங்கள்

காலையில் சுரண்டை ஜாதகத்தை இன்னொரு தடவை பார்த்தேன். சும்மாதான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. என் வீட்டுக்காரருக்குத் தர்ப்பணம் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு மையத்துக்கு வந்தால், கடையம் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணமாம், பேச்சிமுத்து முடித்துக் கொடுத்தானாம். கடையம் பெண் என் பதிவு.

வடிவு இன்று இரண்டு தடவை போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். உள்ளே சிக்னல் இல்லை என்கிறாள். என் போனில் இருக்கிறதே.

இதையும் எழுதி வைக்கிறேன். வடிவுக்கு முப்பத்தைந்து. அப்பா கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் அம்மையிடம் சொன்னேன், இவளுக்கு நானே பார்த்து முடிக்கிறேன், வேறு எங்கேயும் ஜாதகம் கொடுக்க வேண்டாம் என்று. இன்னும் அமையவில்லை. செவ்வாய் இருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்? அவளும் இப்போதெல்லாம் கேட்பதில்லை. நாலு ஊர்க்காரர்கள் குணமும் அவளுக்கு அத்துப்படி. எந்த வீட்டில் யார் பேச்சு செல்லும், எந்தப் பெண்ணுக்கு எந்த மாமியார் ஆகாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எனக்கு அதில் பாதி மறந்துபோகிறது.

ஜூலை 27, ஞாயிறு

அந்த லாக்கை இன்றுதான் திறந்து பார்த்தேன். மசூது சொல்லிக்கொடுத்தபடி அமுக்கினால் பட்டியலாக வந்தது.



பத்தொன்பதாம் தேதியிலிருந்து விடுமுறை போக ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு மணி, இரண்டேகால் மணி. பகல் இரண்டு இல்லை, ராத்திரி இரண்டு. திறந்தது இரண்டே ஜாதகம், சேர்த்து வைத்துத் திறந்தது. ஒன்று சுரண்டைக் குற்றாலிங்கம். இன்னொன்று செண்பகவடிவு, நம் வடிவேதான்.

நான் வாய்விட்டுச் சொல்லாததை அவளே வந்து கண்டுபிடித்திருக்கிறாள். அடுத்த தெருவில்தான் வீடு. மாற்றுச் சாவி அவளிடம் இருக்கிறது. பாஸ்வேர்டு என் வீட்டுக்காரர் பேரும் நட்சத்திரமும், அதை ஊகிக்க அவளுக்கு அரை நிமிஷம் போதும். ஊர் தூங்கின பிறகு வந்து, தன் ஜாதகத்தையும் அவன் ஜாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். பகலில் வந்து ஒன்றும் தெரியாதவள் மாதிரி எனக்குச் சுக்குக் காப்பி போட்டுத் தருகிறாள்.

ஒரு விசித்திரம். நான் காலையில் திறந்து பார்த்தது ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. தன் வரிகளை அழித்தால் சந்தேகம் வரும் என்று என் வரிகளை அழித்திருக்கிறாளா? எதற்கு? இவ்வளவு தந்திரம் இவளுக்கு எங்கேயிருந்து வந்தது?

ஜூலை 28, திங்கள்

வாயைக் கிண்டிப் பார்த்தேன். “சுரண்டைப் பக்கம் போயிருக்கியாட்டி?”

“சுரண்டையா? சின்னப் பிள்ளையில சந்தைக்குப் போயிருக்கேன். ஏன் அத்தை?”

“சும்மா கேட்டேன்.”

“அத்தை, அடுத்த வாரம் ரெண்டு நாள் லீவு வேணும். அம்மைக்குக் கண்ணுல புரை. திருநெல்வேலியில ஆபரேசனுக்குத் தேதி குடுத்திருக்காவ. அதுக்குத்தான் போன்ல பேசிக்கிட்டே இருக்கேன்.”

என்ன நடிப்பு என்று நினைத்தேன். லீவு தருகிறேன் என்று சொன்னேன்.

ஜூலை 30, புதன்

விடுமுறை என்றாலும் நேற்றே வந்து பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இன்று காலை ஏழரைக்கு வந்து, சுரண்டை ஜாதகத்தில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு லாக்கைத் திறந்தால், இன்றும் அதே இரண்டு மணி.

புதுப் பாஸ்வேர்டு நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனசுக்குள்ளேயே புகுந்து எடுத்திருக்கிறாள். ஒன்பது வருஷம் கூட இருந்தால் அப்படித்தான்.

ஜூலை 31, வியாழன்

காலையில் வந்ததும் ஆரூடம் போட்டேன். மனசில் கேள்வியை நினைத்துக்கொண்டு, கேட்கிற அந்த நிமிஷத்துக்கு ஒரு ஜாதகம் கணிப்பது. நம் சாஃப்ட்வேரில் அதற்கென்று “இப்போது” என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கண்ணை மூடி, என் மையத்துக்குள் வந்து கை வைத்தது யார் என்று கேட்டு அமுக்கினேன்.

ரிஷப லக்னம். ஸ்திர ராசி, அப்படியானால் வெளியாள் இல்லை, உள்ளாள். அதிபதி சுக்கிரன், பெண்.

இதற்கு மேல் என்ன வேண்டும்.

ஆகஸ்டு 1, வெள்ளி

வடிவை நிறுத்திவிட்டேன்.

அவள் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் மஞ்சள் குங்குமத்தோடு வந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“ராத்திரி ரெண்டு மணிக்கு இங்க உனக்கு என்ன வேலை?”

“ரெண்டு மணிக்கா? எனக்கா?”

“கம்ப்யூட்டர்ல இருக்கு. தினமும் வந்து ஃபைலைத் திறந்திருக்க.”

“எந்த ஃபைலு அத்தை?”

“அது உனக்கே தெரியும்.”

“சத்தியமாத் தெரியாது. எந்த ஃபைலுன்னு நீங்க சொன்னாத்தான தெரியும்.”

எப்படிச் சொல்வேன்? சாவியைக் கொடு என்றேன். அவள் பையிலிருந்து எடுத்தாள். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியோடு சேர்ந்து இருந்தது. நகத்தால் வளையத்தை விரித்துக் கழற்ற நேரமாயிற்று. நகம் உடைந்தது. மேஜைமேல் வைத்தாள்.

“எங்க அம்மைகிட்ட நான் என்ன சொல்லட்டும்?” என்று கேட்டாள்.

“உள்ளதைச் சொல்லு.”

“உள்ளது என்னன்னு நீங்கதான் சொல்ல மாட்டேங்கியளே.”

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அழவில்லை. குற்றமில்லாதவள் என்றால் அழுதிருப்பாள் என்று அப்போது நினைத்தேன். அழுதிருந்தால் அதையும் நடிப்பு என்றுதான் நினைத்திருப்பேன் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

ஆகஸ்டு 2, சனி

இரண்டு மணி பத்து நிமிஷம். அதே இரண்டு ஜாதகம்.

சாவி என் இடுப்பில் இருக்கிறது. இன்னொரு சாவி போட்டு வைத்திருக்கிறாள்.

ஆகஸ்டு 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரெல்லாம் சித்ரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறது. நான் ஆள் பிடித்துப் பூட்டை மாற்றினேன். பூட்டுக்காரர், “பழைய பூட்டு நல்லாத்தான இருக்கு” என்றார். உமக்கென்ன என்றேன்.

ஆகஸ்டு 4, திங்கள்

இன்றும்.

பேய் பிசாசு நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனாலும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன்.

ஆகஸ்டு 6, புதன்

வேலை ஒன்றும் ஓடவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் போட்டோ அனுப்பினோமே, மெயில் பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். புதுப் பக்கத்தைத் திறந்தால் அது என்னை யாரோ மாதிரிப் பார்க்கிறது. மெயிலுக்குப் பாஸ்வேர்டு கேட்கிறது. வடிவின் அம்மை பேர் போட்டேன். அவள் நட்சத்திரம் போட்டேன். பேச்சிமுத்து என்று போட்டேன். சுரண்டை என்றுகூடப் போட்டுப் பார்த்தேன். எதற்கும் திறக்கவில்லை. பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. புளியங்குடிக்காரர் வந்து, போன மாசம் பார்த்த பெண்ணின் பெரியப்பா என்ன வேலை என்று கேட்டார். வடிவு என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

சுக்குக் காப்பியும் இல்லை.

ஆகஸ்டு 7, வியாழன்

சுரண்டை அம்மா போன் பண்ணினார். “ஆவணி பொறக்கப் போகுதும்மா. ஒண்ணும் அமையலையா? பேச்சிமுத்து அண்ணாச்சிகிட்டயும் ஒரு ஜாதகம் குடுத்து வச்சிருக்கோம். எல்லாரும் ரெண்டு எடத்துல குடுத்துத்தான வைக்காவ.”

எல்லாரும் இரண்டு இடத்தில் கொடுத்து வைக்கிறார்கள். அப்படியானால் கடையம் பெண்ணும் அப்படித்தானா? ஆனியில் போன இரண்டும்? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

“நல்ல எடமா ஒண்ணு இருந்தாச் சொல்லுங்கம்மா. எனக்கு உங்க மேலதான் நம்பிக்கை” என்றார்.

பார்க்கிறேன் என்றேன். மசூதுக்குப் போன் போட்டேன். நாளைக்கு வருகிறாராம்.

ஆகஸ்டு 8, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மசூது வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டியைத் தொடவில்லை. “அந்தப் பிள்ளை எங்க?” என்றார்.

“அவ எதுக்கு?”

“பழி போட்டுருக்கியள்லக்கா. அவ இல்லாம நான் பாத்துச் சொன்னா, நீங்க சொன்னதுக்கு நான் தலையாட்டுனேன்னு ஆகும். கூப்பிடுங்க. இல்ல, நான் கூப்பிடுதேன்.”

அவரே போன் போட்டார். வடிவு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசல்படியில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மசூது பழைய பக்கத்தைத் திறந்து, ஜாதக சாஃப்ட்வேரைச் சின்னதாக்கினார். திரையின் கீழ்மூலையைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார்.

“அக்கா, மணி என்ன?”

“பதினொண்ணு பத்து.”

“இதுல அஞ்சு நாப்பது.”

நான் போய்ப் பார்த்தேன். விடியற்காலை அஞ்சு நாற்பது என்றுதான் இருந்தது.

மசூது நெற்றியில் அடித்துக்கொண்டார். “என் தப்புக்கா. நான் சொல்லியிருக்கணும். பெட்டிக்குள்ள ஒரு சின்ன கடிகாரம் ஓடும். புது சிஸ்டம் நெட்டுல மணி பாத்து அத லண்டன் கணக்குக்குத் திருத்தி வச்சிரும். படிக்கும்போது நம்ம ஊருக்கு அஞ்சரை மணிநேரம் கூட்டிக்கிடும். பழசுக்கு அது தெரியாது, அதுல இருக்கதையே நம்ம ஊரு மணின்னு எடுத்துக்கிடும். நெட்டு குடுத்திருந்தா தானே சரிபண்ணியிருக்கும். நீங்க வேண்டாம்னுட்டிய.”

எனக்குப் புரிந்துகொண்டே வந்தது. புரிய வேண்டாம் என்று இருந்தது.

“ஆக, யாரும் ராத்திரி வரல. எல்லாத்துலயும் அஞ்சரை கூட்டிக்கிடணும். இந்தா பாருங்க.” லாக்கைத் திறந்து, அந்த மனுஷர் உரக்க வாசிக்க ஆரம்பித்தார். “காலையில ஏழரை. சுரண்டைக் குற்றாலிங்கம், செண்பகவடிவு. மறுநாள் ஏழே முக்கால். சுரண்டைக் குற்றாலிங்கம், செண்பகவடிவு. அதுக்கு அடுத்த நாளு...” இன்னும் நாலு வரி வாசித்திருப்பார். “ஏழரைக்கு நீங்கதானக்கா இருப்பிய?” என்று கேட்டபடி திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

வடிவு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மசூதுக்குப் பின்னால் நின்று பட்டியல் முழுவதையும் படித்தாள். அவளே மவுஸைப் பிடித்து, பொருத்தப் பக்கத்தைத் திறந்தாள். பத்துக்கு ஒன்பது.

“இவிய எப்ப வந்தாவ?”

திரையிலேயே பதிவுத் தேதி இருந்தது.

“பிச்சிப்பூ வாசமடிச்ச அன்னைக்கு” என்றாள். “தினமும் பாத்திருக்கிய.”

“வடிவு” என்றேன்.

“தினமும் பாத்துட்டு, தினமும் என்கிட்ட காப்பி வாங்கிக் குடிச்சிருக்கிய.”

போய்விட்டாள். மசூது கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு, காசு வாங்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு, முப்பத்தொன்றாம் தேதி போட்ட ஆரூடத்தைச் சரியான நேரத்துக்கு மறுபடி போட்டுப் பார்த்தேன். சிம்ம லக்னம். அதுவும் ஸ்திர ராசிதான், உள்ளாள். அதிபதி சூரியன். அதிகாரத்தில் இருப்பவர்.

அணைத்துவிட்டேன்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

வடிவு வீட்டுக்குப் போனேன். அவள் அம்மை கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். “ஆரு, உலகம்மாளா? வாங்க வாங்க. வடிவு கடைக்குப் போயிருக்கா. லீவு குடுத்தியளே, புண்ணியமாப் போகும். அவதான் கூட இருந்து பாத்துக்கிட்டா” என்றார்.

லீவு என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

ஆகஸ்டு 12, செவ்வாய்

விடுமுறை. வீட்டில் இருந்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல நாலு காரணம் யோசித்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையை நன்றாக விசாரிக்க வேண்டியிருந்தது. ஆடியில் பேசக்கூடாது. கம்ப்யூட்டர் பொருத்தத்தை நம்ப முடியாது. நாலாவது மறந்துவிட்டது.

ஆகஸ்டு 14, வியாழன்

சுரண்டைக்குப் போன் போட எடுத்தேன். எந்த முகத்தோடு வடிவு பேரைச் சொல்ல? அவளைக் கேட்காமல் சொல்லலாமா? வைத்துவிட்டேன்.

ஆகஸ்டு 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. காலையிலிருந்து கூட்டம். பத்து மணிக்கு வடிவும் அவள் அம்மையும் வந்தார்கள். வடிவு அவள் நாற்காலிக்குப் போகவில்லை. பதிவுக்கு வருகிறவர்கள் உட்காருகிற பெஞ்சில், வரிசையில் உட்கார்ந்தாள். முன்னால் இருந்த இரண்டு பேர் முடிகிறவரை காத்திருந்தாள். பிறகு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“பதியணும்” என்றாள். அத்தை என்று சொல்லவில்லை.

“உன் ஜாதகம்தான் ஏற்கெனவே இருக்கே.”

“அது நீங்க மட்டும் பாத்த ஜாதகம். இது மத்தவங்க பாக்கணும்.”

பதிவுப் பணத்தை மேஜைமேல் வைத்தாள். நான் தள்ளினேன், அவள் மறுபடி நகர்த்தினாள். அவள் அம்மைக்கு ஒன்றும் புரியவில்லை, மாறி மாறிப் பார்த்தார். நான் பேர், வயது, நட்சத்திரம் என்று ஒவ்வொன்றாக அடித்தேன். வேலை என்கிற இடத்தில் கை நின்றது.

“ஒன்பது வருசம் ஒரு தகவல் மையத்துல வேலை பாத்தான்னு போடுங்க” என்றாள்.

போட்டேன். அப்புறம் போனை எடுத்து, அவள் முன்னாலேயே சுரண்டைக்குப் பேசினேன். ஸ்பீக்கரில் போட்டேன். எதையும் இனிமேல் இவளுக்குத் தெரியாமல் பேசுவதில்லை. ஜாதகம் பத்துக்கு ஒன்பது, முப்பத்தைந்து வயது, பொறுமையானவள் என்று சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் குரலிலேயே தெரிந்தது.

“பொண்ணு எங்க வேலை பாக்கு?”

“எங்கிட்டத்தான். ஒன்பது வருசமா.”

“உங்ககிட்டயேவாம்மா? அப்ப நான் பதிய வந்த அன்னைக்கே ஏன் சொல்லல? பொண்ணுல ஏதும் கொறை உண்டுமா?”

இந்தக் கேள்வியை நான் எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன். ஒரு பெண்ணை யாராவது ஒளித்து வைத்திருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான்தான் எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவள். யோசித்து வைத்த காரணங்களெல்லாம் நினைவுக்கு வந்தன. எதைச் சொன்னாலும் கறை வடிவு மேலேதான் விழும். எதிரே அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பொண்ணுல ஒரு கொறையும் இல்லம்மா” என்றேன். “எங்கிட்டத்தான் கொறை. இவ போயிட்டா எனக்கு யாரும் இல்ல. அதான் சொல்லாம வச்சுக்கிட்டேன்.”

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“விட மனசில்லாத அளவுக்குப் பொண்ணுன்னா, நாங்க வந்து பாக்கத்தான் வேணும்” என்றார் அந்த அம்மா. “அடுத்த ஞாயித்துக்கெழம வாரோம்.”

வடிவின் அம்மை அழுதார். கண்ணைத் துடைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று வடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம், “ரசீது” என்றாள். எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

வாசல்வரை போனவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “மெயிலெல்லாம் குமிஞ்சு கெடக்கும். தெறந்து பாருங்க. பாஸ்வேர்டு உங்க பேருதான்.”

அவர்கள் போன பிறகு அணைத்துப் புதுப் பக்கத்தைத் திறந்தேன். என் பேரை அடித்தேன். திறந்துகொண்டது.

யார் யார் பேரையோ போட்டுப் பார்த்தேன். என் பேரை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.